பிள்ளைக்கு வெவரம் எப்படி வருகிறது? குழந்தை, பதின்பருவ மன வளர்ச்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

கொங்கு நாட்டில் நாலு ஒறம்பரை (உறவினர்) கூடினால் பிள்ளைகள் பேச்சு வந்தே தீரும். "என்ற பேரன் ஒம்பது மாசத்துலயே நடந்துட்டானுங்க" என்பார் ஒருவர். "எங்கூட்டுப் பொடுசுக்கு ஒண்ணேகால் வயசாச்சு, இன்னும் செவுத்தப் புடிச்சுட்டுத்தானுங்க நிக்குது" என்று பக்கத்தில் ஒரு தாய் வெசனப்படுவார். பத்தாவது படிக்கும் பையனின் அப்பா, "தோளுக்கு மேல வளந்துட்டானுங்க, வெவரந்தான் பத்தல" என்பார். வாட்ஸ்அப்பில் படித்தவர் ஒருவர், "மூளை ஆறு வயசுக்குள்ள முழுசா வளந்துருமாமா" என்று சொல்ல, "அப்படி இல்லீங்க, இருவத்தஞ்சு வயசு வரைக்கும் வளந்துட்டேதான் இருக்குமாமா" என்று இன்னொருவர் மறுப்பார்.

இந்தப் பேச்சில் பாதி உண்மையும் பாதி வதந்தியும் கலந்து கிடக்கின்றன. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் அதை வைத்தே பிள்ளைக்கு அடி கொடுக்கிறார்கள், மட்டம் தட்டுகிறார்கள், சில சமயம் மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தில் போகாமலும் இருந்துவிடுகிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## எது வளர்கிறது?

அங்கன்வாடியில் பிள்ளையின் எடையையும் உயரத்தையும் அளந்து அட்டையில் குறிப்பார்கள். கோடு மாதாமாதம் மேலே ஏறும். அறிவும் இப்படித்தான் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்: பெரியவருக்கு நூறு விஷயம் தெரியும், பிள்ளைக்குப் பத்து தெரியும், அந்தப் பத்து நூறானால் வளர்ந்துவிட்டது. இந்தக் கணக்கு தவறு. வளர வளர, தெரிந்த விஷயங்கள் கூடுவதோடு யோசிக்கும் விதமே மாறுகிறது. பிறந்தது முதல் மனிதர் யோசிக்கும் விதமும் உணரும் விதமும் பிறரோடு பழகும் விதமும் எப்படி மாறுகின்றன, ஏன் மாறுகின்றன என்று ஆராயும் துறைக்கு வளர்ச்சி உளவியல் என்று பெயர்.

1920 வாக்கில் ழான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து இளைஞர் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்தேர்வு வினாக்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். சரியான விடைகளைத்தான் அவர் எண்ண வேண்டும். ஆனால் அவர் கண் தவறான விடைகளில் போய் நின்றது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ ஒரே மாதிரித் தப்பு செய்தார்கள். இரண்டு வயது மூத்தவர்களின் தப்பு வேறு மாதிரி இருந்தது. குருட்டாம்போக்கில் விடை சொன்னால் தப்புகள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியிருக்கும். ஒரே வடிவத்தில் வருகிறதென்றால் அந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு யோசனை முறை இருக்கிறது என்று அவர் பிடித்துக்கொண்டார்.

அவர் வகுத்த சோதனை ஒன்றை எந்த வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு தம்ளர்களில் சமமாகப் பால் ஊற்றி நாலரை வயதுப் பிள்ளையிடம் காட்டுங்கள். "ரெண்டும் ஒரே அளவா கண்ணு?" என்றால் ஆமாம் என்று தலையாட்டும். அதன் கண் முன்னாலேயே ஒரு தம்ளர் பாலை ஒல்லியான உயரக் கண்ணாடி கிளாஸில் ஊற்றிவிட்டு, "இப்ப எதுல நெறைய இருக்குது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் உயரமான கிளாஸைத்தான் காட்டும். உயரம் கூடியதைப் பார்க்கிற மனம் அகலம் குறைந்ததையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள இன்னும் பழகவில்லை. ஏழெட்டு வயதானால் அதே பிள்ளை, "ஊத்துனதுதானுங்கம்மா, ஒண்ணும் கூடலையே" என்று சாதாரணமாகச் சொல்லும். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை.

## போசிக்குள் முறுக்கு

இன்னொரு சோதனை இதைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். 1983-இல் ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் ஒரு சாக்லேட்டை வைத்து இதைச் செய்தார்கள். நம் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்கிறேன்.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) தூக்குப்போசியில் முறுக்கை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சப் போகிறார். அவர் போன பிறகு அம்மாயி (அம்மாவின் அம்மா) முறுக்கையெல்லாம் எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு அலமாரியில் வைக்கிறார். பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புச்சி பசியோடு திரும்பி வருகிறார். "அப்புச்சி முறுக்கை மொதல்ல எங்க தேடுவாரு?"

மூன்று வயதுப் பிள்ளை யோசிக்காமல் "டப்பாவுல" என்று சொல்லிவிடும். முறுக்கு டப்பாவில் இருப்பது அதற்குத் தெரியும். தனக்குத் தெரிந்தது அப்புச்சிக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அதன் யோசனைக்குள் வருவதில்லை. நாலு முடிந்து ஐந்தை நெருங்கும் பிள்ளை, "போசியில. அப்புச்சிக்குத்தான் தெரியாதே!" என்று சிரிக்கும். பிறர் மனதில் இருப்பது தன் மனதில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம், அது தவறாகவும் இருக்கலாம் என்று புரிந்துகொள்ளும் இந்தத் திறனை மனக் கோட்பாடு என்கிறார்கள்.

இது வந்ததும் வீட்டில் பல காரியங்கள் மாறும். அதுவரை கண்ணாமூச்சியில் பாதி உடம்பு வெளியே தெரியத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற பிள்ளை, தேடுகிறவர் கண்ணுக்கு எது படும் என்று யோசித்து ஒளிய ஆரம்பிக்கும். அம்மாவுக்கு வாங்கி வைத்த சேலையைப் பற்றி வாயைத் திறக்காமல் இருக்கும். நம்பும்படி பொய்யும் சொல்லும். நாலரை வயதுப் பிள்ளை பொய் சொன்னதும் "இப்பவே இப்படியா" என்று பதறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அடுத்தவர் மனதை யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நம்பும்படி பொய் சொல்ல முடியும். அடுத்தவரின் வருத்தத்தைப் புரிந்துகொள்ளவும் அதே திறன் உதவும்.

இந்தத் திறன் தானாகப் பழுக்கிறதா, பேச்சுப் பழக்கத்தால் வருகிறதா? இதற்கு ஒரு நல்ல தடயம் காது கேளாத பிள்ளைகளிடமிருந்து கிடைத்தது. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, வீட்டில் சைகை மொழி சரளமாகப் புழங்காமல் வளரும் பிள்ளைகளுக்கு முறுக்குக் கேள்வி போன்றவற்றில் சரியான விடை பல ஆண்டுகள் தாமதமாகவே வருகிறது. காது கேளாத பெற்றோரிடமிருந்து பிறந்தது முதல் சைகை மொழியைப் பார்த்தும் பேசியும் வளரும் பிள்ளைகளுக்கு அந்தத் தாமதம் இல்லை. குறை காதில் இல்லை. "அவன் அப்படி நெனச்சுட்டான்", "அவளுக்குத் தெரியாதில்ல" என்ற பேச்சு பிள்ளையைச் சுற்றி நடக்க வேண்டும், அது வாயால் நடந்தாலும் கையால் நடந்தாலும் சரி. ஷிஃப்ட் முடிந்து அசந்து வரும் பனியன் கம்பெனிப் பெற்றோரும் சோறு ஊட்டும் பத்து நிமிஷத்தில் இந்தப் பேச்சைப் பேசலாம். இதற்குப் பொம்மையோ செயலியோ எதுவும் வாங்க வேண்டியதில்லை.

## பேச்சு வராத குழந்தையிடம் கேட்பது எப்படி?

கைக்குழந்தையிடம் கேள்வி கேட்க முடியாது. அதன் கண்ணைக் கேட்கலாம். எதிர்பார்க்காத ஒன்று நடந்தால் குழந்தை அதை நெடுநேரம் உற்றுப் பார்க்கும். பழகியதென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 1980-களில் ரெனே பாயர்ஜான் என்ற உளவியலாளர் இந்த வழியில், ஒரு பொருள் மறைந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும் என்று ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளும் எதிர்பார்ப்பதாகக் காட்டினார். துண்டுக்கு அடியில் ஒளித்த கிலுகிலுப்பையைக் கையால் தேடும் பழக்கம் எட்டு ஒன்பது மாதத்தில்தான் வருகிறது என்பதை வைத்து, அந்த அறிவும் அப்போதுதான் வருகிறது என்று பியாஜே முடிவு செய்திருந்தார். கை காட்டாததைக் கண் காட்டிவிட்டது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பிள்ளையின் தப்புக்கு ஒரு வடிவம் உண்டு, அந்த வடிவம் வயதோடு மாறுகிறது, அதைக் கண்டுபிடிக்கப் பொருத்தமான கேள்வி வேண்டும். கேள்வி பொருந்தாவிட்டால் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையாகத் தோன்றும்.

## மண்டைக்குள் என்ன நடக்கிறது?

காங்கயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல். மழை பெய்து புல் தழைத்ததும் மாடுகளைத் திறந்துவிட்டால் முதல் சில நாள் அவை கண்ட பக்கமும் நடக்கும். எங்கு பார்த்தாலும் மெல்லிய தடங்கள் விழும். போகப் போகத் தண்ணித் தொட்டிக்கும் கடவுக்கும் போகும் தடங்கள் மட்டும் ஆழமாகும். மாடு போகாத தடத்தில் புல் மூடிக்கொள்ளும்.

மூளையில் ஒரு நரம்பணு இன்னொரு நரம்பணுவோடு செய்தி பரிமாறிக்கொள்ளும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். பிறந்த பிறகு முதல் இரண்டு ஆண்டுகளில் இவை தேவைக்கு மேலேயே உண்டாகின்றன. பீட்டர் ஹட்டன்லாக்கர் 1979-இல், இறந்தவர்களின் மூளைத் திசுவில் நெற்றிப் பகுதியின் சினாப்ஸ்களை எண்ணிப் பார்த்தார். ஒன்று முதல் இரண்டு வயதில் அவற்றின் அடர்த்தி பெரியவர்களின் சராசரியைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாக இருந்தது. பிறகு பதினாறு வயது வரை குறைந்துகொண்டே வந்தது. பயன்படும் இணைப்புகள் நின்று, பயன்படாதவை நீங்குவதற்குக் கத்தரிப்பு என்று பெயர். இது இழப்பில்லை. எல்லாப் பக்கமும் தடம் இருந்தால் மாடு தொட்டிக்குப் போய்ச் சேர நேரமாகும்.

நடத்தையிலும் இதையொத்த மாற்றம் தெரிகிறது. 1984-இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியில் வரும் ‘ட’, ‘த’ ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. ஆறேழு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டையும் பிரித்து அறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நம் வீட்டுக் குழந்தைக்கு மறையாது, ஏனென்றால் ‘பட்டு’, ‘பத்து’ இரண்டும் நாள் முழுக்க அதன் காதில் விழுகின்றன.

கத்தரிப்போடு இன்னொரு வேலையும் நடக்கிறது. நின்ற இணைப்புகளின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. உறை படிந்த இழையில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும். இந்த வேலை மூளை முழுவதும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. பார்க்கவும் கேட்கவும் கைகாலை அசைக்கவும் உதவும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. திட்டமிடுதல், பொறுத்தல், பின்விளைவை எடைபோடுதல் ஆகியவற்றில் பெரும்பங்கு வகிக்கும் முன்நெற்றிப் பகுதி கடைசியில் வருகிறது.

இப்போது அந்த வாட்ஸ்அப் சண்டையைத் தீர்த்துவிடலாம். ஆறு வயதில் மூளையின் பருமன் பெரியவர் மூளையில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தொட்டுவிடும், அது உண்மை. பருமன் நிரம்பியது என்பதற்காக உள்வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. இருபத்தைந்து என்பதும் ஒரு கதவு இல்லை. இருபதுகளிலும் மாற்றங்கள் தொடர்கின்றன, ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. அந்தப் பிறந்தநாளில் மூளை முடிந்து நிற்பதாக எந்த ஆய்வும் காட்டவில்லை.

## ஒரே பிள்ளையைப் பல ஆண்டு பார்ப்பது

ஐந்து, பத்து, பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஒரே வாரத்தில் சோதித்து ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. சீக்கிரம் முடியும், செலவு குறைவு. ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. இன்றைய ஐந்து வயதுப் பிள்ளை தொட்டிலிலிருந்தே கைப்பேசியைப் பார்த்தது. இன்றைக்கு நாற்பதில் இருப்பவர் அந்த வயதில் பார்த்ததில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு வயதால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்" என்ற பேச்சு பெரும்பாலும் இந்தக் குழியில்தான் விழுகிறது.

அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பது நெடுங்கால ஆய்வு. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 1973-இல் பிறந்த 1,037 பேரை அவர்களின் மூன்று வயதிலிருந்து இன்றுவரை தொடர்ந்து வருகிறார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 பேரை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் கவனித்தார். அவர்களில் வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல நெருக்கடிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார். அவர்களில் பலருக்குப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ வேறு உறவினரோ, நம்பிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளாவது இருந்தார். அம்மாயி ஊட்டில் விட்டு வளர்க்கிறோமே என்று குற்ற உணர்வில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

தொடர்ந்து பார்த்தால் அவசர முடிவுகளும் உடைபடும். காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்று சொல்லி முன்னால் வைத்த இனிப்பைத் தின்னாமல் காத்திருந்த நாலு வயதுப் பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்ற அமெரிக்க ஆய்வைப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் தேய்ந்துபோனது.

## தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை

பதினாறு வயதுப் பையனிடம் வெவரம் பத்தவில்லை என்பதற்கு வருவோம். 2005-இல் மார்கோ கார்டனர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது சிறுவர்களும் பெரியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் துணிந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் 13 முதல் 16 வயதுக்காரர்களின் துணிச்சல் மிக அதிகமாக ஏறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு இந்தியா உட்பட 11 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. நிதானமாக யோசித்துக் கணக்குப் போடும் திறன் பதினாறு வயதளவில் பெரியவர் அளவை எட்டிவிடுகிறது என்றும், ஆசையையும் துடிப்பையும் அடக்கி நடக்கும் பக்குவம் பதினெட்டைத் தாண்டித்தான் வருகிறது என்றும் அது காட்டியது.

காரணம் மேலே சொன்ன வரிசைதான். பருவம் வந்ததும் மூளையில் சுகத்தையும் பாராட்டையும் நாடும் பகுதிகள் கூர்மையாகிவிடுகின்றன. நிறுத்திப் பிடிக்கும் முன்நெற்றிப் பகுதி மெதுவாகவே வந்து சேர்கிறது. வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்டால், "ஹெல்மெட் போடாமப் போனா என்ன ஆகும்?" என்பதற்கு அவன் உங்களைவிடத் தெளிவாகப் பதில் சொல்வான். அன்று சாயங்காலமே மூன்று நண்பர்களோடு ஒரே பைக்கில் கொடிவேரி அணைக்குப் போய், பார்க்கிறவர்கள் கைதட்டத் தண்ணீரில் குதிப்பான். அவன் பொய் சொல்லவில்லை, உங்கள் பேச்சை மறக்கவும் இல்லை. திண்ணையில் யோசித்த மனம் வேறு நிலையில் இருந்தது. அதனால் புத்திமதியை இன்னொரு தடவை சொல்வதைவிடச் சூழலை மாற்றுவது பலன் தரும் என்று நினைக்கிறேன்: பைக் சாவி யார் கையில், கூட யார் போகிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்.

டனீடன் ஆய்வில் டெர்ரி மோஃபிட் கண்டதும் இங்கே ஆறுதல் தரும். பதின்பருவத்தில் விதி மீறும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் வயது வந்ததும் அதை விட்டுவிடுகிறார்கள். சின்ன வயதிலேயே தொடங்கி வளர்ந்த பின்பும் நீடிப்பவர்கள் ஒரு சிறு கூட்டம்தான்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் பக்கத்தில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பருவ வயதில் உடலின் உள்கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்கும். பதினொன்று மணி வரை தூக்கம் வராமல் இருப்பது பெரும்பாலும் உடம்பின் வேலை. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். நீட் தேர்வுக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் பிள்ளைகளை ஆஸ்டலில் சேர்த்து, ராத்திரிப் படிப்பை நீட்டி, விடியற்காலை நாலரைக்கு விசிலடித்து எழுப்புகிறோம். படித்தது நினைவில் படிவதற்கே தூக்கம்தான் உதவுகிறது என்பதை அந்த நேர அட்டவணை மறந்துவிடுகிறது. அட்மிஷன் போடப் போகும் பெற்றோர் ரிசல்ட்டைக் கேட்கும் அதே வாயால், "எத்தனை மணிக்குங்க படுக்க விடுவீங்க?" என்றும் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: பதின்பருவத்தில் யோசனை முந்தி வருகிறது, அடக்கம் பிந்தி வருகிறது, நண்பர் கூட்டமும் தூக்கக் குறைவும் அந்த இடைவெளியை அகலமாக்குகின்றன.

## ஒன்பது மாதமா, பதினேழு மாதமா?

இனி அந்த ஒண்ணேகால் வயதுப் பொடுசு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நல்ல ஆரோக்கியத்தோடு வளரும் குழந்தைகளைக் கவனித்து 2006-இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. பிடிக்காமல் தனியாக நடப்பது அதன்படி 8.2 மாதத்திலும் நிகழலாம், 17.6 மாதத்திலும் நிகழலாம். ஒன்பது மாதத்தில் நடந்த பேரனும் பதினைந்து மாதத்தில் சுவரைப் பிடித்து நிற்கும் பொடுசும் ஒரே இயல்பான வரம்புக்குள் இருக்கிறார்கள். முந்தி நடப்பதால் பின்னாளில் புத்தி கூடுதலாக வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

வரம்பு அகலமானது என்பதற்காக எல்லாவற்றுக்கும் "போகப் போகச் செரியாப் போயிரும்" என்று இருந்துவிடக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, பன்னிரண்டு மாதம் ஆகியும் மழலை இல்லை, கை நீட்டிக் காட்டவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தையும் வரவில்லை, இரண்டு வயதில் "அம்மா பால்" என்பது போல இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும், காதையும் சோதிக்க வேண்டும். 2013 முதல் நடக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதம் உள்ளதா என்று பார்க்கின்றன. தேவைப்பட்டால் மாவட்ட அளவில் இதற்கென்றே உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். கட்டணம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் வயது வரம்பைப் பார்த்துக் காத்திருக்கவே கூடாது. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளைப் பிள்ளை விட்டுவிட்டாலோ, செய்துகொண்டிருந்ததைச் செய்ய முடியாமல் போனாலோ, அது எந்த வயதானாலும், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.